ஓடைக் கடவுகளின் அரிப்பும் அவற்றைச் செப்பனிடும் முறையும்

கோவில்பட்டி, விளாத்திகுளம் முதலிய தாலுகாக்களின் கரிசற் காடுகளில், வண்டிப் பாதை ஓடையைக் கடக்குமிடமாகிய கடவு, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் உடைந்து கிடப்பது பிரதி வருஷமும் காணும் காட்சி. உளுந்தும் கம்பும் களத்துக்கு வரவேண்டிய சமயத்தில் டிரெய்லர் அக்கரையிலேயே நின்றுவிடுகிறது. அவசரத்துக்கு நாலைந்து நடை கரிசல் மண்ணைக் கொட்டி மேடாக்கிக் காரியத்தை முடித்துக்கொள்வர். மறு மழையில் அம்மண் முழுதும் போவதோடு, முன்னிருந்ததினும் பெரிய குழி விழுந்துவிடும்.

இதன் காரணம் யாதெனில், கடவு மேலிருந்து தேய்ந்து கெடுவதைவிடக் கீழ்ப்புறத்தினின்று அறுபட்டுக் கெடுவதே அதிகம். மேடாக்கிய பாதையின் மேல் ஏறிவரும் நீர், கீழ் விளிம்பில் அருவிபோல் விழுந்து அடிமண்ணைத் தோண்டுகிறது. ஆதாரமற்ற விளிம்பு சரிகிறது. குழி மேல்நோக்கி நகர்கிறது. பாதையைத் தின்ற பின்னும் நில்லாமல், மேலேயுள்ள புன்செய்க்குள் கிளை கிளையாய் ஏறும். ஆகையால் ஒரு கடவின் குழியை அசட்டை செய்தவர் தம் பட்டா நிலத்தையே சிறிது சிறிதாக ஓடைக்குக் கொடுத்தவராவர்.

பரிகாரம், கடவை ஓடைத் தரையின் மட்டத்திலேயே அமைத்து, அதன் கீழ் விளிம்பைக் கல்லால் கட்டுப்படுத்துவது. ஓடை வறண்டிருக்கும் மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு ஏற்றவை.

முதலில் இருபுறத்து இறக்கங்களையும் சாய்க்க வேண்டும். 1 அடி இறக்கத்துக்கு 10 அடி நீளம் என்பது பாரம் ஏற்றிய டிரெய்லருக்குத் தக்க சாய்வு. 4 அடி உயரக் கரையாயின் ஒவ்வொரு பக்கமும் 40 அடி. கொத்துக் கலப்பையால் மண்ணை இளக்கி, டிராக்டரின் பின்னே மாட்டிய மண் தள்ளும் பலகையால் கரைமேல் இழுத்துவிடலாம், ஓடைக்குள் தள்ளலாகாது. கரை எத்தனை அடி ஆழமோ, குறைந்தது அத்தனை அடி தூரம் விளிம்பினின்று சக்கரம் விலகியிருக்க வேண்டும். கரிசலில் வெடிப்புகள் உள்ளே மறைந்திருந்து திடீரெனக் கரை பெயரும். டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுபவர் தப்புவது அரிது.

அடுத்து, கடவின் கீழ் விளிம்பில் ஓடைக்குக் குறுக்கே 2 அடி ஆழத்தில் அகழி வெட்டி, பெருங்கற்களை நெருக்கமாகப் புதைக்க வேண்டும். அதற்கும் கீழே, குழி இருந்த நீளம் முழுதும் கல் பாவி, இடைவெளிகளில் சிறு கல்லை அடைக்க வேண்டும். நீரின் வேகம் இரட்டித்தால் அது உருட்டவல்ல கல்லின் எடை 64 மடங்காகும் என்பது பழைய கணக்கு. ஆதலால் தேங்காயளவுக் கற்கள் மட்டும் பயன்படா. வண்டி ஓடும் தளத்துக்குச் சரளையை 6 அங்குலப் படையாகப் பரப்பி, நீர் தெளித்து, பாரம் ஏற்றிய டிரெய்லரை முன்னும் பின்னும் ஓட்டி இறுக்கலாம். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் கரிசல் இங்கு உதவாது. தளத்தின் நடு, ஓரங்களைவிட 1 அடி தாழ்ந்திருக்கட்டும். இல்லாவிடில் வெள்ளம் கல்லைச் சுற்றிக் கரையை அறுத்துவிடும்.

குழாய் பதித்தால் போதுமென்று எண்ணுவோர் பலர். சிறு வயல் வடிகாலுக்கு அது சரியே. ஓடையிலோ 1 அடிக் குழாயை வேலிக்கருவைச் சுள்ளிகளே அடைத்துவிடும். மேலும் 1 அடிக் குழாய் இரண்டு சேர்ந்தாலும், 2 அடிக் குழாய் ஒன்றின் வாயில் பாதியே ஆகும்.

பாதை வழியே ஓடிவரும் மழைநீரும், இறக்கத்தை அடையுமுன் ஒரு குறுக்கு வரம்பால் ஓரத்துப் புல்தரைக்குத் திருப்பப்பட வேண்டும்.

ஓடை பெரும்பாலும் புறம்போக்காதலின், வேலை தொடங்குமுன் கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சிக்கும் அறிவித்தல் அவசியம். அனுமதியின்றிக் கண்மாயில் சரளை எடுப்பதும், ஓடையின் அகலத்தைக் குறுக்குவதும் குற்றத்துக்கு இடமாகும்; கீழ்நிலத்தார் வழக்கும் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கிறது. ஐப்பசியின் முதற் பெருமழை வடிந்ததும் கடவைப் பார்வையிட்டு, பெயர்ந்த கற்களை அன்றே திரும்பப் பதிக்க வேண்டும். அப்போது இரண்டு ஆள் ஒரு பொழுதில் முடிக்கும் வேலை, கார்த்திகை கழிந்தால் மீண்டும் டிராக்டர் வேலையாகிவிடும்.