பாசியும் முருகையும்

கல்முனைக் கரையிலே நோன்பு துறக்கும் வேளையில் கடற்பாசி பரிமாறும் வீடுகள் பல. காய்ச்சி ஆறவிட்டால் பளிங்குபோல் உறைந்து நிற்கும் அப்பண்டம், கடலில் விளையும் செம்பாசிகளின் சாரமாகும். முருகைக்கல்லும் எமக்குப் புதியதன்று. அதனைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சுவருக்குப் பூசிய காலம் ஒன்று இந்நாட்டின் கரையோரங்களில் இருந்தது. பாசியைச் சமையலறையிலும் முருகையைச் சுவரிலும் கண்டவர் நாம். உயிரோடிருக்கையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு சகித்து வாழ்கின்றன? மட்டக்களப்புக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாசிக்குடா இக்கேள்வியைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. பெயரிலே பாசி, ஆழங்குறைந்த அதன் கடலடியிலே முருகைப் பார்.

இதனை ஆராய்ந்தறிய ஒரு கண்ணாடித் தொட்டி உதவும். ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர் 1961ஆம் ஆண்டிலே தமது முறையை எழுதி வெளியிட்டார். இயற்கையான கடல்நீர், உயிரினங்கள் ஒட்டி வாழும் கற்கள், காற்றுக் குமிழ்கள் ஆகியவற்றையே பெரிதும் நம்பிய முறை அது. பின்னர் வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்து அறிஞர் வால்டர் ஏடி, நீரின் கழிவைப் பாசியே உண்டு தூய்மையாக்கும்படி முருகைத் தொட்டியொன்றை அமைத்துக் காட்டினார்.

இதன் தத்துவம் எளியது. மீனுக்கு இடும் இரை கழிவாகி, நைத்திரேற்றாகவும் பொசுபேற்றாகவும் நீரிலே தேங்குகிறது. பொசுபேற்று மிகுந்தால் முருகை தன் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டத் தடுமாறும். முருகைக்கு நஞ்சாவது பாசிக்கு உணவு. அன்றியும், முருகைப் பூச்சியின் உடலினுள்ளேயே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு ஆக்கி அதற்கு ஊட்டுகின்றன. பாசியை முற்றிலும் பகைவனென்று கூற எவ்வாறு நாவெழும்?

ஆயினும், நண்பன் வீட்டையே பிடித்துக்கொள்வதும் உண்டு. தழைத்த பாசி முருகையின் வெளிச்சத்தை மறைக்கும். அசைந்து அசைந்து அதன் மென்தசையை உராயும். ஈற்றில் அதன்மேலேயே படரும். ஆகவே, அறிந்தோர் பாசிக்குப் பக்கத்திலே ஓர் அறை ஒதுக்கி, இரு அறைகளுக்கும் நீர் சுழன்று வரச் செய்வர். முருகைக்கு இரவாகும்போது பாசிக்கு விளக்கேற்றுவர். இருளிலே உயிர்கள் வெளிவிடும் காபனீரொட்சைட்டை ஒளியிலிருக்கும் பாசி உட்கொள்வதால், நீரின் தன்மை இரவிலும் அதிகம் மாறுவதில்லை.

இவையனைத்தினும் முதன்மையான விதி ஒன்றுண்டு: பாசியைக் காலந்தவறாது கிள்ளி எடுக்க வேண்டும். பாசி உண்ட கழிவு பாசியின் உடலிலேதான் இருக்கிறது; கிள்ளி அகற்றும்போதே அது தொட்டியை விட்டு நீங்குகிறது. கிள்ளாது விட்டால், கோலெர்ப்பா என்னும் பச்சைப்பாசி சில வேளைகளில் ஒரே இரவில் வெளிறி மடிந்து, உண்டதையெல்லாம் நீரிலே கொட்டிவிடும். ஒட்சிசன் குன்றி மீன்கள் திணறும்.

கிள்ளியதைக் கடலில் எறிவதும் தீது. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்திலே, மண்டபத்தை அடுத்துள்ள குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொணரப்பட்ட கப்பாபைக்கசு என்னும் அயற்பாசி உயிருள்ள முருகைகளின்மேல் படர்ந்திருந்தமை 2008ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது.

தொட்டியிலே கிள்ளுவது மனிதன் கை. கடலிலே கிள்ளுவது யார்? கிளிமீனும் ஓராவும் கடல் முள்ளெலியும் அன்றோ! அத்தோட்டக்காரர் இல்லாதொழிந்தால் விளைவது யாதென்பதை யமேக்காத் தீவு காட்டிற்று. 1977ஆம் ஆண்டிலே அங்குக் கடலடியில் நூற்றுக்கு 52 பங்கு முருகையும் 4 பங்கு பாசியும் இருந்தன. பாசி தின்னும் மீன்கள் ஏற்கெனவே அளவின்றிப் பிடிக்கப்பட்டிருந்தன. 1980இல் பெரும்புயல் முருகைகளை நொறுக்கியது. 1983இல் ஒரு நோய் கடல் முள்ளெலிகளை மாய்த்தது. 1993இல் முருகை 3 பங்காகச் சுருங்கியது. பாசி 92 பங்காகப் பெருகியது.

இப்பாடம் எமக்கும் உரியது. 1998ஆம் ஆண்டிலே கடல்நீர் வெப்பமுற்று, இலங்கையின் தென்கரையில் இக்கடுவை முதலிய இடங்களில் முருகைகள் வெளிறி மடிந்தன. மடிந்த கல்லிலே முதலில் குடியேறுவது பாசிதான். அங்கு முருகை மீண்டும் தளிர்க்க வேண்டுமாயின், பாசி தின்னும் மீன்கள் கடலில் இருக்கவேண்டும். வயலில் இட்ட உரத்தின் மிச்சமும் ஊர்க் கழிவும் கடலிற் சேராதிருக்கவேண்டும்.

தொட்டி வைக்க ஆசைப்படும் மாணவர் கடலிலிருந்து முருகையைப் பெயர்த்து வரலாகாது. கரையோர வலயத்தில் அதனை அகழ்வதையும் சேகரிப்பதையும் 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடை செய்துள்ளது. பாசியும் சில கற்களும் இரண்டொரு மீனும் கொண்ட சிறு தொட்டியே பாதிப் பாடத்தைப் போதித்துவிடும். மறுபாதியைக் கற்கப் பாசிக்குடாவுக்குச் சென்று, அலையடங்கிய பருவத்தில் தெளிந்த நீரினூடே குனிந்து பார்த்தாற் போதும். கிளிமீன் கல்லைக் கொறித்துக்கொண்டிருக்கும். அது கொறிக்கும் வரையில் பாசியும் வாழும், முருகையும் வாழும்.