பொட்டிப்புரம் மலையும் நியூட்ரினோவும்

தேனி ஜில்லாவில், உத்தமபாளையம் தாலுகாவைச் சேர்ந்த பொட்டிப்புரம் கிராமத்தின் எல்லையில் அம்பரப்பர் மலை என்று ஜனங்கள் வழங்கும் ஒரு குன்று நிற்கிறது. இதைக் குடைந்து, மலையின் அடிவயிற்றில் ஒரு பெரிய மண்டபம் அமைத்து, நியூட்ரினோ என்னும் நுண்பொருளை ஆராய வேண்டும் என்பது நமது தேசத்து விஞ்ஞானிகள் நெடுநாளாகக் கொண்டிருக்கும் எண்ணம். மலையில் கை வைக்கக் கூடாது என்பது அவ்வூர் ஜனங்களில் பெரும்பாலோருடைய உறுதி. இரு தரப்பாரும் பத்து வருஷங்களுக்கு மேலாகப் பேசி வருகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழுந்ததாகத் தோன்றவில்லை. நியூட்ரினோ என்றால் என்ன என்று அறியாமலேயே அதை ஆதரிப்பவரும் உளர், எதிர்ப்பவரும் உளர். ஆகவே முதலில் பொருளை அறிவோம். பிறகு வழக்கைப் பார்ப்போம்.

அணு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஆனால் 1945-ல் ஹிரோஷிமா நகரம் சாம்பலான நாள் முதல் அச்சொல்லுக்கு ஒரு பயங்கரம் ஏறிவிட்டது. பிரிக்க முடியாதது என்று கருதப்பட்ட அணுவுக்குள்ளேயே அதைவிட மிகச் சிறிய எலெக்ட்ரான் இருப்பதை 1897-ல் இங்கிலாந்தில் தாம்ஸன் கண்டார். அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் அதன் நடுவே மிகச் சிறிய கருவொன்றில் அடங்கியிருப்பதை 1911-ல் ரூதர்போர்டு நிலைநாட்டினார். கரு எவ்வளவு சிறியது? அதைப் போடிநாயக்கனூர் ஏலக்காயின் ஒரு விதையளவாக எண்ணிக்கொண்டால், எலெக்ட்ரான்கள் உலவும் எல்லை நூறடிக்கும் அப்பால் இருக்கும். இடையில் உள்ளதெல்லாம் வெட்டவெளி. நாம் கெட்டி என்று நம்பும் மலையும் இவ்விதம் பெரும்பாலும் வெளியே.

இந்த வெளியில் எலெக்ட்ரான் தன் இஷ்டப்படி திரிவதில்லை. போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும் வண்டி எந்த இடத்திலும் நின்று இளைப்பாறலாம். எலெக்ட்ரானுக்கு அந்த உரிமை கிடையாது. அது படிக்கட்டில் ஏறுவதுபோல ஒரு படியிலோ அடுத்த படியிலோதான் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவே நிற்க முடியாது. சக்தி என்பது தானியத்தைப்போல் மணி மணியாகவே கொடுக்கல் வாங்கல் ஆகிறது என்று 1900-ல் ஜெர்மானிய அறிஞர் பிளாங்க் சொன்னார். அணுவின் படிகளை 1913-ல் டென்மார்க் தேசத்து நீல்ஸ் போர் வகுத்தார். க்வாண்டம் சாஸ்திரத்தின் பிறப்பு இதுவே.

கருவுக்குள் புரோட்டான், நியூட்ரான் என இரு வகைத் துகள்கள் உண்டு. சில கருக்களில் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறி, ஓர் எலெக்ட்ரானை வெளியே வீசும். ஒரே வகைக் கருவின் ஒவ்வொரு மாற்றத்திலும் வெளிப்படும் சக்தி ஒரே அளவாதலால், எலெக்ட்ரான் ஒவ்வொரு முறையும் அதே சக்தியுடன் வர வேண்டும். அப்படி வரவில்லை. சில வேளை அதிகம், சில வேளை கொஞ்சம். கடைக் கணக்கில் தினமும் பணம் குறைந்தால் என்ன செய்வது? கணக்குப் போடும் முறையையே சந்தேகிக்கலாம். அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒருவன் எடுத்துச் செல்கிறான் என்று கொள்ளலாம். போர் போன்ற பெரியவரே முதல் வழியை யோசித்தார். பௌலி என்னும் இளைஞர் 1930 டிஸம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில் இரண்டாவது வழியைத் துணிந்தார்: மின்சாரத் தன்மை அற்றதும் எடையென்று சொல்லத்தக்கது ஏதும் இல்லாததுமான ஒரு துகள், மிச்சச் சக்தியைக் கொண்டு போகிறது. இத்தாலியரான பெர்மி அதற்கு நியூட்ரினோ என்று பெயரிட்டார். ரீன்ஸ், கோவன் என்னும் இரு அமெரிக்கர்கள் அணு உலை ஒன்றின் அருகே அதை மெய்யாகக் கண்டுபிடித்தது 1956-ல். இருபத்தாறு வருஷம் ஒளிந்திருந்த திருடன்!

ஒளிந்திருந்தது என்று சொல்வதும் முழுதும் சரியன்று. அது நம்மைச் சுற்றிலும், நம் உள்ளும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. சூரியனிலிருந்து புறப்படும் நியூட்ரினோக்கள் நம் கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் வினாடிக்குச் சுமார் 6,500 கோடி பாய்கின்றன. இரவிலும் குறைவில்லை; பூமியையே ஊடுருவிக் காலடியிலிருந்து மேலே வருகின்றன. சின்னமனூர் வாழைப்பழத்தை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள பொட்டாஸியத்தில் மிகச் சிறு பங்கு இயற்கையாகவே சிதைகிறது. அதனால் பழம் ஒன்றிலிருந்து வினாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட நியூட்ரினோ இனத்துகள்கள் வெளிவருகின்றன. நம் உடலிலிருந்தே நாளொன்றுக்கு 30 கோடிக்குமேல் வெளிவருகின்றன. இவற்றால் எவருக்கும் எந்தத் தீங்கும் நேர்ந்ததில்லை. எதையும் தொடாமல் போவதே அவற்றின் இயல்பு. அந்த இயல்பினால்தான் அவற்றைப் பிடிக்க இத்தனை பாடு.

பின், மலை எதற்கு என்று கேட்கலாம். வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோக்களோடு மியூவான் என்னும் வேறு துகள்களும் பிறக்கின்றன. விரித்த உள்ளங்கையில் வினாடிக்கு ஒன்றேனும் மியூவான் விழுகிறது. இந்தச் சந்தடியில் நியூட்ரினோவின் காலடி கேட்காது. ஒரு கிலோமீட்டர் கனத்துக்குமேல் பாறை தலைக்குமேல் இருந்தால் மியூவான்களின் கூட்டம் பெரும்பாலும் மலையிலேயே அடங்கிவிடும்; நியூட்ரினோவோ மலையைப் பொருட்படுத்தாமல் இறங்கி வரும். மலை இங்கே ஒரு சல்லடை. போடி மேற்கு மலைகளின் பாறை சார்னோகைட் என்னும் மிக உறுதியான கருங்கல்லாதலால் அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இவ்வித்தையில் நாம் பிறருக்குப் பின்னால் வந்தவர்கள் அல்லர். காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தை 1965-ல் உலகில் முதன்முதல் கண்டவர்களில் நமது தேசத்தாரும் இருந்தனர். கோலார் தங்கவயலில், பூமிக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் ஆழத்தில், எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலிய டாடா ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் சர்வகலாசாலைகளுடன் சேர்ந்து அதைச் செய்தனர். அதே வருஷம் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ரீன்ஸ் குழுவினரும் கண்டனர். கோலார்ச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். பொன்னுக்காக அவர்கள் தோண்டிய குழி உலக விஞ்ஞானத்துக்குப் பயன்பட்டது. 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது; அதற்கு முன்பே ஆராய்ச்சியும் நின்றுவிட்டது. அந்த இழப்பை ஈடுசெய்யவே புதிய ஆராய்ச்சிக்கூடம் என்னும் எண்ணம் எழுந்தது.

இதற்குள் விஷயம் இன்னும் விசித்திரமாகிவிட்டது. நியூட்ரினோவில் எலெக்ட்ரான் வகை, மியூவான் வகை, டௌ வகை என மூன்று உண்டு. சூரியனிலிருந்து எதிர்பார்த்த அளவில் மூன்றில் ஒரு பங்கே கிடைக்கிறதென்று அமெரிக்காவில் டேவிஸ் என்பவர் பல்லாண்டுகள் சொல்லிவந்தார். மீதி எங்கே? வழியில் வேஷம் மாறிவிட்டன! 1998-ல் ஜப்பானிலும், 2001, 2002 வருஷங்களில் கனடாவிலும் இது நிரூபணமாயிற்று. தம்புராவின் இரண்டு தந்திகள் சுருதியில் இம்மியளவு பேதப்பட்டால் நாதம் ஓங்கியும் ஒடுங்கியும் அலைபாய்வதை நம்மவர் அறிவர். ஒரு நியூட்ரினோவும் சிறிது சிறிது வேறுபட்ட மூன்று எடைகளையுடைய அலைகளின் கலப்பே. அவை சேர்ந்து செல்கையில் கலப்பு மாறி, ஒரு வகையாய்ப் புறப்பட்டது வேறு வகையாய் வந்து சேர்கிறது. எடை அறவே இல்லாவிடில் இந்த மாறுதல் நிகழாது. ஆகவே நியூட்ரினோவுக்கு எடை உண்டு. எலெக்ட்ரானின் எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அம்மூன்று எடைகளில் எது பெரிது, எது சிறிது என்னும் வரிசையை அறிவதே பொட்டிப்புரத்தின் நோக்கம். அதற்காக 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமாக்கி, இடையிடையே முப்பதினாயிரம் அளவில் கண்ணாடிக் கருவிகளை வைப்பதாகத் திட்டம். நியூட்ரினோ இரும்பில் மோதினால் பிறக்கும் மியூவான் காந்தத்தால் ஒரு பக்கம் வளையும்; எதிர் நியூட்ரினோவானால் மறுபக்கம் வளையும். இரண்டையும் பிரித்து எண்ண முடிவது இக்கருவியின் தனிச்சிறப்பு.

இனி வழக்கு. முதலில் நீலகிரியில் சிங்காரா குறிக்கப்பட்டது; முதுமலைப் புலிக்காட்டுக்கு அருகில் என்பதால் 2009-ல் மத்திய சர்க்கார் மறுத்தது. பிறகு வந்ததே பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் மத்திய மந்திரி சபை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு அனுமதி தந்தது. மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வேலைக்குத் தடை விதித்தது. நியூட்ரினோவின் வேஷ மாற்றத்தைக் கண்ட கஜிதாவுக்கும் மக்டொனால்டுக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதும் அதே 2015 அக்டோபரில். 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் சர்க்கார் விசேஷமாக மறு அனுமதி அளித்தது. அவ்வருஷமே தீர்ப்பாயம் அதை ஏற்று, தேசிய வனவிலங்கு வாரியத்தின் சம்மதமும் வேண்டும் என்றது. காரணம், கேரளத்தின் மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் தன் எதிர்ப்பைப் பிரமாணமாகவே தாக்கல் செய்தது: அது புலிகள் நடமாடும் வழி, வைகைக்கு நீர் தரும் மலை என்பதே அதன் வாதம்.

நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். நியூட்ரினோவால் கதிர்வீச்சு நோய் வரும், கம்பம் பள்ளத்தாக்கு பாழாகும் என்று மேடைகளில் பேசியது உண்மையன்று. வாழைப்பழத்துக்கு அஞ்சாதவர் இதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. அறிந்தும் அப்படிப் பேசியவர்கள் ஜனங்களுக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் அச்சத்துக்கு வித்திட்டவர்கள் யார்? திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்களில் அணுசக்தி இலாகாவும் ஒன்று. அந்தப் பெயர் ஒன்றே போதாதா? மேலும் திட்டத்தின் ஆரம்ப அறிக்கையில், பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வெளிநாட்டு நிலையத்திலிருந்து நியூட்ரினோக் கற்றையைப் பூமி வழியே இங்கே அனுப்பிச் சோதிக்கலாம் என்ற யோசனை இருந்தது. அதை ஜனங்களுக்கு முதலிலேயே தமிழில் விளக்கியிருந்தால் அது வெறும் விஞ்ஞான யோசனையாகவே நின்றிருக்கும். பிறர் அறிக்கையைத் தோண்டி எடுத்து வெளியிட்டபோது அது சதியாகத் தோன்றியது. மறைத்த பொருள் எதுவும் பெரிதாகத்தான் தெரியும்.

மலையைப் பற்றிய அச்சமோ வேறு ஜாதி. அதை அறியாமை என்று தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்காகப் பல லட்சம் டன் பாறையை வெடிவைத்து எடுக்க வேண்டும். அந்தக் கல் எங்கே கொட்டப்படும்? எத்தனை லாரிகள் எந்தத் தெரு வழியே போகும்? மலையடிவாரத்தில் மேயும் மாடுகளுக்கு வழி எது? இவை விவசாயியின் கேள்விகள். இவற்றுக்கு நோபல் பரிசு விடையாகாது. புலியின் வழி என்னும் கேள்விக்கும், எத்தனை வருஷம் வெடி வெடிக்கும், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் என்பதைக் கொண்டே பதில் கூற முடியும்.

கம்பம் பள்ளத்தாக்கின் ஜனங்கள் மலைச் சுரங்கத்துக்கே விரோதிகள் என்று சொல்வது பொய். 1895-ல் பென்னிகுயிக் முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டி முடித்து, ஒரு மைலுக்கும் நீளமான சுரங்கத்தை மலையில் குடைந்து, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பினார். அவர் பெயரை இன்றும் குழந்தைகளுக்கு இட்டு வழிபடுகிறார்கள். அந்தச் சுரங்கத்தின் வழியே வந்தது தண்ணீர். அதன் பயனைக் குடியானவன் தன் வரப்பில் நின்று கண்டான். இந்தச் சுரங்கத்தின் வழியே வருவது அறிவு. அது பம்பாய்க்கும் டில்லிக்கும் மட்டும் வருமா, பொட்டிப்புரத்துப் பள்ளிக்கூடத்துக்கும் வருமா என்று அவர்கள் கேட்டால் அதில் தவறென்ன?

சீன தேசத்தில், குவாங்டுங் மாகாணத்தில் பூமிக்கடியில் அமைந்த ஜூனோ என்னும் கூடம் 2025-ல் வேலையைத் தொடங்கிவிட்டது. 20,000 டன் திரவத்தைக் கொண்டு, அணு உலைகளிலிருந்து வரும் எதிர் நியூட்ரினோக்களை எண்ணி, அதே எடை வரிசையை அறிய முயல்கிறது. வழி வேறு, வினா ஒன்று. நாம் தாமதித்த ஒவ்வொரு வருஷமும் இந்தக் கூடம் சொல்லக்கூடிய புதுமையில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அந்த உண்மையையும் ஜனங்களிடம் சொல்ல வேண்டும்: இன்று கட்டினால் எதைப் புதிதாகக் காண்போம், எது பிறரால் முன்பே காணப்பட்டிருக்கும்?

மதுரையில் 85 டன் இரும்பில் ஒரு சிறு மாதிரிக் கருவியை நமது விஞ்ஞானிகள் அமைத்திருக்கிறார்கள். தலைக்குமேல் மலையில்லாமல், மியூவான்களை எண்ணி, கண்ணாடிக் கருவிகளையும் காந்தத்தையும் சோதிப்பதற்கானது அது. பொட்டிப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளுக்குள் போய்ப் பார்த்துவிடலாம். மலையை ஒருமுறையேனும் தொடுவதற்கு முன், அக்கிராமத்தாரில் நூறு பேரை அங்கே அழைத்துச் சென்று, இரும்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் தமிழிலேயே பதில் சொல்லட்டும். அதன் பிறகும் அவர்கள் வேண்டாம் என்றால், வேறு மலையைத் தேடுவதா, வேறு வினாவைத் தேடுவதா என்பதை விஞ்ஞானிகள் யோசிக்கட்டும்.