ஒரு லிட்டர் கறுப்பு ஆயில்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கையும் தக்காளியும் ஏற்றிவரும் வண்டிகளில் பெரிய லாரிகளுக்கு ஒர்க்‌ஷாப்பில்தான் ஆயில் மாற்றுவார்கள். டிராக்டர், லோடு ஆட்டோ, பைக் என்றால் வீட்டு வாசலிலேயே போல்ட்டைக் கழற்றி ஆயிலை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதில் தப்பில்லை. இறக்கிய கறுப்பு ஆயிலை வேலியோரத்திலோ சாக்கடையிலோ ஊற்றுவதுதான் தப்பு. பைக்கில் ஒரு லிட்டர்தானே, மண் வடிகட்டிவிடாதா என்று கேட்பார்கள். ஒரு காரில் ஒருமுறை இறக்கும் ஆயில் சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மண் வடிகட்டும் என்ற நம்பிக்கையும் நம் பக்கம் செல்லாது. திண்டுக்கல் சமவெளி பெரும்பாலும் பாறை நிலம். மேல்மண்ணைத் தாண்டிய நீர் பாறை வெடிப்புகள் வழியே ஓடிக் கிணற்றுக்கும் போருக்கும் போய்ச் சேர்கிறது. வெடிப்புக்குள் வடிகட்ட என்ன இருக்கிறது?

கிணறு கெட்டால் என்ன ஆகும் என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் அளித்த தீர்ப்பு, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் தன்னார்வ அமைப்பொன்று நடத்திய ஆய்வைக் குறிப்பிடுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. தோல் கழிவும் வண்டி ஆயிலும் ஒன்றல்ல, அளவிலும் ஒப்பே இல்லைதான். ஆனால் தொழிற்சாலை மீது வழக்குப் போடலாம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பூட்டுப் போடலாம். ஆயிரம் வாசல்களில் ஊற்றப்படும் ஒவ்வொரு லிட்டரையும் எந்த அதிகாரி பிடிப்பார்? சிறு அளவு என்பதே இங்கே ஆபத்து.

கரையான் வராமல் கம்பத்தில் பூசுகிறோம், செண்ட்ரிங் பலகையில் தடவுகிறோம், வீணாக்கவில்லையே என்பது அடுத்த வாதம். ஓடிய ஆயிலில் இன்ஜின் தேய்ந்த உலோகத் துகளும், எரிபொருள் எரிந்து உண்டான நச்சுச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. கம்பத்தில் பூசியது மழையில் வழிந்து மண்ணுக்கே போகும். வெறுங்கையால் பல வருஷம் தொட்டால் தோல் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு. உண்மையான பயன் மறுசுத்திகரிப்பில் இருக்கிறது. ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மசகு எண்ணெய், நாலு லிட்டருக்கும் குறைவான பழைய ஆயிலிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

ஆகவே, ஆறிய ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி மூடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடலாம். ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வடியவிடுங்கள். பெட்ரோல், கூலன்ட், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்காதீர்கள். கலந்தால் சுத்திகரிப்பது கடினம். கூலன்ட் இனிக்கும், நாயோ ஆடோ நக்கினால் சிறுநீரகம் செயலிழக்கும். அதையும் பிரேக் ஆயிலையும் தனித்தனிக் கேனில் வையுங்கள். பழைய பேட்டரியை ஆசிட்டைக் கொட்டாமல் அப்படியே கடையில் கொடுத்துப் புதியதற்கு விலை கழித்துக்கொள்ளலாம். கேன்களை, பழைய ஆயிலைப் பேரலில் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். செங்கல் சூளையில் எரிக்கக் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள்.

அவ்வளவு தூரம் யார் சுமப்பது என்ற அலுப்பு நியாயமானது. 2024 ஏப்ரல் முதல், பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதற்கு ஆயில் தயாரிப்பாளரும் பொறுப்பு என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. அப்படியானால் புது ஆயில் விற்கிற ஸ்பேர்ஸ் கடையிலும் பெட்ரோல் பங்கிலுமே பழைய ஆயிலை வாங்கிக்கொள்ள ஒரு பேரல் இருக்கவேண்டும். அடுத்த கேன் வாங்கும்போது கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள்.