ஒரு லேப்டாப், இரண்டு கூடுதல் திரைகள்

விலை குறைந்த லேப்டாப்பில் வெளித்திரைக்கென்று பெரும்பாலும் ஒரே ஒரு ஹெச்டிஎம்ஐ போர்ட்தான் இருக்கும். முதல் மானிட்டருக்கு அது போதும், சிக்கல் இரண்டாவதில்தான். ஸ்ப்ளிட்டர் வாங்குவது வீண்செலவு. அது ஒரே காட்சியை இரண்டு திரையிலும் காட்டுமே தவிர, தனித்தனிக் காட்சி தராது.

யுஎஸ்பி-சி போர்ட் இருந்தால், அது டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் தருமா என்று லேப்டாப்பின் விவரக்குறிப்பில் பார்க்க வேண்டும். மலிவு மாடல்கள் பலவற்றில் தராது. அப்போது கைகொடுப்பது டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர். சாதாரண யுஎஸ்பி 3.0 போர்ட்டே இதற்குப் போதும். டிரைவர் மென்பொருள் காட்சியைச் சுருக்கி அனுப்ப, அடாப்டருக்குள் இருக்கும் சிப் அதை விரித்துத் திரைக்குத் தருகிறது. எழுத்து, கணக்கு வேலைகளுக்கு இது நன்றாகவே உதவும். ஆனால் சுருக்கும் சுமை பிராசஸர் மேல் விழுவதால் வேகமான கேம்களுக்கு ஒத்துவராது.

பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே திரை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். மவுஸ் அசைவே தடுமாறும். அங்கே 1080பி திரையே மேல்.