தாம்பரம் தண்ணீரில் கீசர் காயில் ஏன் அடிக்கடி போகிறது?

மார்கழி மாதம், காலை ஆறரை மணி. சேலையூரில் ஓர் அப்பார்ட்மென்ட். கீசர் ஸ்விட்சைப் போட்டதும் ‘டப்’ என்று வீடு முழுக்கக் கரண்ட் போகிறது. மறுபடி போட்டாலும் அதே கதை. எலெக்ட்ரீஷியன் வருகிறார். கீசரின் அடி மூடியைக் கழற்றி, ஹீட்டிங் காயிலை வெளியே இழுக்கிறார். விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு, அதன் நடுவே ஒரு வெடிப்பு.

“சார், இது காயில் இல்ல, கல்லு.”

“வாங்கி ரெண்டு வருஷம்தானேண்ணா ஆச்சு?”

“இந்த ஏரியா தண்ணிக்கு இதுவே ஜாஸ்தி சார்.”

இதே காட்சி ராஜகீழ்ப்பாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ மேடவாக்கத்திலோ நடந்தாலும் வசனம் பெரிதாக மாறாது. பிராண்டைக் குறை சொல்லிவிட்டு அடுத்த பிராண்டுக்கு மாறுகிறவர்கள்தான் அதிகம். ஆனால், பெரும்பாலான நேரம் குற்றவாளி பெட்டி இல்லை, அதற்குள் போகும் தண்ணீர்.

தண்ணீரில் என்ன இருக்கிறது?

2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது தாம்பரம் மாநகராட்சி. இங்கே குழாயில் பாலாற்றுத் தண்ணீரும் வருகிறது; ஆனாலும், குளிக்கவும் துவைக்கவும் பல அடுக்குமாடிகள் நம்பியிருப்பது போர் தண்ணீரை. கோடையில் அதுவும் வற்றினால் டேங்கர் லாரி.

பல்லாவரம், பரங்கிமலை வட்டாரத்தின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. (கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான், அதனால்தான் அந்தப் பெயர்.) இந்த மாதிரிப் பாறையின் வெடிப்புகளிலும், அதற்கு மேலே சிதைந்து கிடக்கும் அடுக்குகளிலும் தேங்கி நிற்கும் நீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. நாம் ‘உப்புத் தண்ணி’ என்கிறோமே, அதில் பாதி நேரம் சிக்கல் சாப்பாட்டு உப்பு இல்லை, இந்தக் கடினத்தன்மைதான். சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளைக் கோடு விழும், ஷவர் துளை அடைத்துக்கொள்ளும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500), லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லையென்றால் 600 வரை அனுமதி. அது குடிப்பதற்கான கணக்கு. கீசருக்கு அப்படி ஒரு சலுகை கிடையாது.

ஓர் எளிய கணக்குப் போடலாம். கடினத்தன்மை 300 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். கீசர் வழியாக நாளொன்றுக்கு 50 லிட்டர் போனால், அதில் 15 கிராம் ‘சுண்ணாம்பு’ பயணிக்கிறது. வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்தரை கிலோ. எல்லாம் உள்ளே தங்காது. இருபதில் ஒரு பங்கு தங்கினால்கூடக் கால் கிலோவுக்கு மேல்.

சூடு ஏற ஏறப் படிவும் ஏறும்

சர்க்கரையைச் சூடான நீரில் போட்டால் நன்றாகக் கரையும். கால்சியம் இதற்கு நேர் எதிர். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி வெளியே விழுகிறது. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் ஒட்டும். அது காயிலின் மேல்தோல்.

படிவு வந்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். அது பாதி உண்மைதான். 2,000 வாட் காயில், படிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2,000 வாட்டைத்தான் இழுக்கும். அந்தச் சூடு கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும். 25 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 0.93 யூனிட்டும், ஏறத்தாழ 28 நிமிடமும் ஆகும். இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. மாறுவது காயிலின் சூடுதான். வெள்ளைப் போர்வையைத் தாண்டி வெப்பம் வெளியேற வேண்டியிருப்பதால், உள்ளே உலோகம் தேவையைவிடப் பல மடங்கு கொதிக்கிறது. ஒரு நாள் உறை வெடிக்கிறது. தண்ணீர் உள்ளே புகுந்து மின்கம்பியைத் தொடுகிறது. சேலையூர் வீட்டில் கேட்ட ‘டப்’ அதுதான்.

அதற்கு முன்பே கீசர் சத்தம் கொடுத்துச் சொல்லியிருக்கும். ஸ்விட்ச் போட்டதும் டீக்கடை பாய்லர் மாதிரி ‘கொர்ர்’ என்று ஓர் இரைச்சல் வரும். படிவுக்கு அடியில் சிக்கிய நீர் கொதிக்கிற சத்தம் அது.

ட்ரிப் ஆனால் திட்டாதீர்கள்

கரண்ட் போனது கோளாறு இல்லை. அந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்த ஒரே பொருள் அதுதான். ஃபேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். எம்சிபி அப்படியல்ல. அது காப்பது ஒயரை, ஆளை அல்ல. 2,000 வாட் கீசர் இழுப்பது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்சிபி, ஈரக் கையோடு நிற்பவரின் உடம்பு வழியாகச் சில பத்து மில்லி ஆம்பியர் போனால் கண்டுகொள்ளாது. உயிர் போக அது போதும்.

இங்கேதான் ஆபத்தான ஒரு ‘உதவி’ நடக்கிறது. “அடிக்கடி ட்ரிப் ஆகுது சார், கீசர் லைனை மட்டும் தனியா எடுத்து நேரா குடுத்துட்டேன்” என்று சொன்னால், ‘அப்பாடா’ என்று இருக்கக் கூடாது. அந்த ஆளையே திரும்பக் கூப்பிட்டு, பழையபடி மாற்றச் சொல்ல வேண்டும். ஆர்சிசிபியில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். பழைய தனி வீடுகளில் ஆர்சிசிபியே இருக்காது. எர்த் கம்பி பல வருடத்துக்கு முன்பே துருப்பிடித்து அறுந்திருக்கும். குழாயைத் தொட்டால் லேசாகச் ‘சுர்’ என்கிறதா? மெயினை அணைத்துவிட்டு வெளியே வர வேண்டிய நேரம் அது. செருப்புப் போட்டுக்கொண்டு குளிப்பது தீர்வு இல்லை.

சொட்டுகிற வால்வை அடைக்கலாமா?

கூடாது. ஒருபோதும் கூடாது.

கீசர் ஓடும்போது அடியில் உள்ள பிரஷர் வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும். ‘லீக்’ என்று நினைத்து அதில் ஒரு டம்மி ஸ்க்ரூவைப் போட்டு அடைப்பவர்கள் உண்டு. நீர் சூடானால் விரியும். 28இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 25 லிட்டர் நீர் சுமார் 330 மில்லி அதிகமாகும். ஒரு பெரிய டம்ளருக்கு மேல். நீர் பின்னோக்கிப் போகாதபடி குழாயில் ஒருவழி வால்வு இருந்தால், அந்த 330 மில்லிக்கு வேறு போக்கிடம் கிடையாது. சொட்டித்தான் ஆக வேண்டும்.

கீசருக்குள் பாதுகாப்பு வரிசையாக இருக்கிறது. முதலில் தெர்மோஸ்டாட். அது ஒட்டிக்கொண்டால் தெர்மல் கட்-அவுட். அதுவும் கைவிட்டால் பிரஷர் வால்வு. உப்புத் தண்ணீரில் இந்த மூன்றுமே பலவீனமாகும். தெர்மோஸ்டாட்டின் உணர்குழாய் மீது படிவு ஏறினால் அது சூட்டைத் தாமதமாக உணரும். வால்வின் வாயிலும் அதே சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும். அடைபட்ட வால்வும் ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் ஒரே கீசரில் சேர்ந்தால், சுவரில் மாட்டியிருப்பது ஒரு பிரஷர் குக்கர், வெயிட் வால்வு இல்லாத குக்கர். கீசர் வெடித்து சுவர் பெயர்ந்தது என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் இயக்கம் இதுதான்.

சூடேறாத நேரத்திலும் நிற்காமல் ஒழுகினால் விஷயம் வேறு. வால்வில் கல் சிக்கியிருக்கலாம், அல்லது தண்ணீர் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். பதினைந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருப்பவர், கீசர் எத்தனை பார் தாங்கும் என்று பார்த்து வாங்குவது நல்லது.

யாரும் மாற்றாத ஒரு கம்பி

கீசருக்குள் ஆனோடு என்று ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். அதன் வேலையே கரைந்து போவதுதான். தொட்டியின் இரும்பு துருப்பிடிப்பதற்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பாற்றுகிறது. தாது அதிகமுள்ள நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் கம்பி சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் துரு தொட்டியைத் தின்ன ஆரம்பிக்கும். சுடுதண்ணீர் பழுப்பாக வந்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. இந்த ஏரியாவில் வருடம் ஒருமுறை திறந்து பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. புதுக் கம்பியின் விலையைப் புதுக் கீசரின் விலையோடு ஒப்பிட்டாலே புரியும்.

சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வருகிறதா? போர் நீரில் உள்ள சல்பேட்டைச் சில பாக்டீரியாக்கள் இந்த மெக்னீசியத்தின் துணையோடு ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. நீண்ட நாள் ஓடாத கீசரில் இது சகஜம். தொட்டியை முழுக்க வடித்துவிட்டு, மறுபடி நிரப்பி, ஒருமுறை நன்றாகச் சூடாக்கினால் பெரும்பாலும் போய்விடும்.

சர்வீஸ் செய்ய வருபவர் படிவைக் கரைக்கப் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுத்தால் தடுங்கள். அது சுண்ணாம்போடு சேர்த்துத் தொட்டியின் உள்பூச்சையும் காயிலின் உறையையும் அரிக்கும். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். சிட்ரிக் ஆசிட் மெதுவாக வேலை செய்யும். ஆனால், சேதம் குறைவு.

சாஃப்ட்னர் வாங்கலாமா?

முதலில் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய டிடிஎஸ் மீட்டரைக் காட்டி “கடினத்தன்மை 900” என்பது தவறு. அது கரைந்திருக்கும் எல்லாவற்றின் தோராயக் கூட்டுத்தொகை. அதில் கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கடினத்தன்மை கிட் கிடைக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். மழைக்குப் பிறகு ஒருமுறை, மே மாதம் ஒருமுறை பார்த்தால் இரண்டு வேறு எண்கள் வர வாய்ப்பு அதிகம்.

உப்பு போடும் வகை சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. படிவு நிற்கும், டிடிஎஸ் குறையாது. குழாயில் மாட்டும் காந்தக் கருவிகளைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதை நம்பி ஆயிரக்கணக்கில் செலவழிக்க இன்னும் காரணம் இல்லை.

செலவே இல்லாத வழி, தெர்மோஸ்டாட்டைக் குறைப்பது. 75 டிகிரியில் வைத்துவிட்டுப் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பதில் அர்த்தமில்லை. 60ஐத் தாண்டினால் படிவு வேகமெடுக்கும். குழந்தையின் தோல் வெந்துபோகச் சில விநாடிகள் போதும். அதற்காக 40இலும் வைக்கக் கூடாது. 1976இல் பிலடெல்ஃபியா ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே பரவிய லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் தொற்றுக் கிருமிக்குப் பிடித்தமான சூடு ஏறத்தாழ அதுதான். 55 முதல் 60 வரை நடுவழி.

ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் வில்லாவில் ஜக்குஸி வைக்க நினைப்பவர்களுக்கும் இதே தண்ணீர், இதே படிவு, அளவு மட்டும் பெரிது. ஆயிரம் லிட்டரைப் பத்து டிகிரி சூடாக்கவே 11 யூனிட்டுக்கு மேல் ஆகும். நீர் நிற்பதோ லெஜியோனெல்லா விரும்பும் அதே வெதுவெதுப்பில். குளோரின் அளவைப் பார்க்காமல் விட்டால் அது தொட்டி இல்லை, கிருமிப் பண்ணை. சித்திரை மாதம் மொட்டைமாடி டேங்க் தண்ணீரே அந்தச் சூட்டில் வருகிற ஊரில் இதெல்லாம் தேவையா என்பது தனிக் கேள்வி.

கேஸ் கீசருக்கு மாறினால் காயில் தொல்லை இல்லை என்று ஒரு யோசனை அடிக்கடி வரும். ஜன்னல் மூடிய சின்ன பாத்ரூமுக்குள் அதை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைசுற்றி விழும்போது கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கும். மாட்டுவதானால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மட்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி, ஆறேழு மாதம் சும்மா இருந்த கீசரை முதல்முறை போடும்போது ஒரு வரிசை உண்டு. முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, நீர் தெளிவாக வரும்வரை ஓட விட வேண்டும். அப்போதுதான் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்பதும் தெரியும். காலியாக ஓடினால் காயில் ஒரே நாளில் போய்விடும். பிறகு ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன். அதற்கப்புறம் ஸ்விட்ச். சூடேறும்போது வால்வு சொட்டுகிறதா என்று ஒரு பார்வை. குளிக்கப் போகும் முன் ஸ்விட்சை அணைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். வாடகை வீடாக இருந்தால், கீசர் எந்த வருடம் வாங்கியது, ஆனோடு எப்போது மாற்றியது என்று ஓனரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வைக்கலாம். “தெரியலையேப்பா” என்று பதில் வந்தால், அந்த வாரமே அடி மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லலாம்.