"அண்ணை, இதுக்கு ரெஜோ எடுக்கலாமோ?"

சனிக்கிழமை காலை தேத்தண்ணியோடு பின்வளவில் நிற்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். யாரோ புல்லு வெட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால், பக்கத்து வீட்டு கிரானி பிளாட்டில் வாடகைக்கு இருக்கும் தம்பி, ஒரு பழைய மவுண்டன் பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி வைத்து, அதன் நடுச் சட்டத்தில் பூட்டியிருக்கும் சின்ன எஞ்சினை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். பின்சில்லு காற்றில் சுழல்கிறது. மெரிலேண்ட்ஸ் முழுக்கப் புகை என்று சொல்ல முடியாது, ஆனால் எங்கள் வளவில் புகை.

தம்பி சாவகச்சேரிப் பக்கம். இங்கே படிக்க வந்தவர். பின்னேரங்களில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். செகண்ட் ஹாண்ட் சைக்கிள், இணையத்தில் வாங்கிய பெற்றோல் எஞ்சின் கிட், இரண்டு வார இறுதி வேலை. "எல்லாம் நானே பூட்டினது அண்ணை" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதோடு ஒரு கேள்வி: "இதுக்கு ரெஜோ எடுக்கலாமோ? புளூ ஸ்லிப் தர உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஆரும் இருக்கினமோ?"

பதில் எனக்குத் தெரியும். ஆனாலும் உடனே சொல்ல வாய் வரவில்லை.

ஏனென்றால் அந்தச் சத்தம் எனக்குப் பழசு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, கரண்ட் இல்லை. மோட்டார் சைக்கிளை ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ கரண்டில் மற்றவர்கள் ரேடியோவில் செய்தி கேட்டோம். அந்தக் காலத்தில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பெடியனுக்கு ஊரில் டொக்டருக்கு இருந்த மரியாதை இருந்தது. அந்தக் கைப்பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் இன்னும் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் இது நியூ சவுத் வேல்ஸ். இங்கே அந்தச் சைக்கிளுக்கு ரெஜோ கிடைக்காது. எந்த மெக்கானிக்கைப் பிடித்தாலும் கிடைக்காது.

2014 ஒக்டோபர் 1 முதல், பெற்றோல் எஞ்சின் பூட்டிய சைக்கிள்கள் இந்த மாநிலத்தில் முற்றாகத் தடை. ரோட்டில் மட்டுமல்ல, நடைபாதை, சைக்கிள் பாதை, இரண்டு பேருக்கும் பொதுவான பாதை எதிலும் ஓட்டக்கூடாது. அதற்கு முன் 200 வாட்டுக்கு மேற்படாத எஞ்சின் என்றால் அது சைக்கிள் கணக்கில் போகும் என்று ஒரு விதி இருந்தது. கிட் விற்றவர்கள் அந்த விதியின் நிழலில்தான் வியாபாரம் செய்தார்கள். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 200 வாட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சந்தையில் கிடைக்கும் 49 சிசி எஞ்சினோ ஒரு குதிரைத்திறனைச் சுகமாகத் தாண்டும். பெட்டியில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது 200 வாட் எஞ்சின் இல்லை. விபத்துகளையும் உயிரிழப்புகளையும் காட்டி அரசு கதவை மூடிவிட்டது.

"அப்ப மோட்டார் சைக்கிள் எண்டு பதிஞ்சால் என்ன?" என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு வாகனத்தைப் பதிய, அது அவுஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளுக்குப் பொருந்த வேண்டும். பிரேக், லைட், சிக்னல், கண்ணாடி, ஹோர்ன், டயர், சட்டத்தின் பலம் எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. கம்பனியில் இருந்து வரும் வாகனத்துக்கு 17 எழுத்து இலக்கம் கொண்ட அடையாள எண் இருக்கும். முதல் முறை பதியும் வாகனத்துக்குப் புளூ ஸ்லிப் வேண்டும். மூன்றாம் நபர் காப்புறுதியான கிரீன் ஸ்லிப்பும் வேண்டும். தனி ஆள் வீட்டில் கட்டிய வாகனத்தைப் பதிய ஒரு வழி இல்லாமல் இல்லை. உரிமம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் அதைப் பரிசோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். ஆனால் அது காரோ முழு மோட்டார் சைக்கிளோ கட்டுகிறவர்களுக்கான வழி. மனிதன் மிதிக்கும் வேகத்துக்குச் செய்த சட்டமும், ரப்பர் கட்டை பிடிக்கும் பிரேக்கும் உள்ள சைக்கிளுக்கு எந்தப் பொறியியலாளரும் கையெழுத்துப் போட மாட்டார். போடச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். மணிக்கு 25இல் நிற்கும் சைக்கிள் 50இல் நிற்காது.

அப்படியே பதிய முடிந்தாலும் ஓட்ட ரைடர் லைசென்ஸ் வேண்டும். குயின்ஸ்லாந்திலும் தென் அவுஸ்திரேலியாவிலும் கார் லைசென்ஸோடு 50 சிசி மொபெட் ஓட்டலாம். இங்கேயும் விக்டோரியாவிலும் முடியாது. பிரிஸ்பேனில் இருக்கும் மச்சான் சொன்னதை நம்பி மெரிலேண்ட்ஸில் ஸ்கூட்டர் வாங்காதீர்கள்.

சரி, எது ஓடலாம்?

மின் சைக்கிள் ஓடலாம். ரெஜோ வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், ஹெல்மெட் மட்டும் கட்டாயம். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, 200 வாட்டுக்கு மேற்படாத துணை மோட்டார் உள்ள சைக்கிள். மற்றது, மிதித்தால் மட்டும் மோட்டார் உதவும் வகை. இந்த இரண்டாவது வகையில் வேகம் கூடக்கூட உதவி குறைந்து, மணிக்கு 25 கிலோமீற்றரில் முற்றாக நின்றுவிட வேண்டும். மிதிக்காமல் முறுக்கி மட்டும் ஓடுவது 6 கிலோமீற்றர் வேகம் வரைதான், அதாவது நடை வேகம். இந்த வகைக்கு 250 வாட் என்றிருந்த எல்லையை 2023 பெப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் 500 ஆக உயர்த்தியது. மற்ற மாநிலங்கள் 250இலேயே நிற்கின்றன. என் புத்திமதி: 500ஐ நம்பிக் காசு போடாதீர்கள். ஈ.என். 15194 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு அமைந்த 250 வாட் சைக்கிள் வாங்கினால் சிட்னியிலும் ஓடும், நாளைக்கு மெல்பேர்னுக்கு வீடு மாறினால் அங்கேயும் ஓடும்.

ஊரில் இருப்பவர்களுக்கும் இந்த எண் புதிதில்லை. இந்தியாவிலும் 250 வாட்டுக்குக் குறைந்த, 25 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாத மின் வண்டிக்குப் பதிவு வேண்டாம். உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள், அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள்.

"பெற்றோல் எஞ்சினைக் கழற்றிப்போட்டு கரண்ட் மோட்டார் கிட் பூட்டினால்?" தம்பி விடவில்லை.

பூட்டலாம், எல்லைக்குள் இருந்தால் ரோட்டில் ஓடலாம். ஆனால் இரண்டு சிக்கல். 2025 நவம்பர் 1 முதல், கிட் பூட்டி மாற்றிய மின் சைக்கிள்களைச் சிட்னி ரயிலிலும் மெட்ரோவிலும் ஏற்றக்கூடாது. மெரிலேண்ட்ஸ் ஸ்டேஷனில் ஏறி சிட்டிக்குப் போய் டெலிவரி செய்கிற பிள்ளைகளின் வயிற்றில் அடித்த விதி இது. இரண்டாவது, காரணம் இல்லாமல் அந்த விதி வரவில்லை. பற்றறி ஒரு கம்பனி, சார்ஜர் ஒரு கம்பனி, மோட்டார் இன்னொரு கம்பனி என்று சேர்த்துக் கட்டும்போது லிதியம் பற்றறி தீப்பிடிக்கும் ஆபத்து கூடுகிறது. நாலு பேர் படுக்கும் கிரானி பிளாட்டில், வாசல் கதவடியில் இரவு முழுக்க சார்ஜ் போட்டால், தீ வந்தால் வெளியே ஓடவும் வழியில்லை. பற்றறியைப் படுக்கும் அறையிலும் வாசல் பாதையிலும் சார்ஜ் போடாதீர்கள், நித்திரைக்குப் போனபின் போடாதீர்கள். இதை மட்டுமாவது கேளுங்கள்.

பொலிஸ் பிடித்தால் என்ன, அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பதியாத வாகனம், காப்புறுதி இல்லாத வாகனம், லைசென்ஸ் இல்லாத ஓட்டம் என்று ஒரே நிறுத்தலில் தனித்தனியாக எழுதலாம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என் பயம் வேறு.

மெரிலேண்ட்ஸ் ரோட்டில் சனிக்கிழமை மத்தியானம் எவ்வளவு சனம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சைக்கிளில் வந்து ஒரு வயதான அம்மாவை இடித்து, அவருக்கு இடுப்பு முறிந்தால்? கார் என்றால் கிரீன் ஸ்லிப் கம்பனி பார்க்கும். காப்புறுதி இல்லாத மோட்டார் வாகனம் என்றால், காயப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்க நொமினல் டிபெண்டன்ட் என்ற ஏற்பாடு இந்த மாநிலத்தில் இருக்கிறது. அம்மா கைவிடப்பட மாட்டார். ஆனால் கொடுத்த காசை, ஓட்டியவரிடமும் உரிமையாளரிடமும் திருப்பிக் கேட்க அதற்குச் சட்ட உரிமை உண்டு. நானூறு டொலர் மிச்சம் பிடிக்கப் பூட்டிய எஞ்சின், ஆயுள் முழுக்கக் கட்டும் கடனாகலாம். சாவகச்சேரியில் காணியை ஈடு வைத்துப் படிக்க அனுப்பிய அப்பா அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் சொன்ன பிறகு எனக்கே ஒரு கேள்வி எழுந்தது. எல்லாப் பிழையும் தம்பியின் தலையிலா?

மாணவர் வீசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்குள் வாடகை, சாப்பாடு, படிப்புச் செலவு. டெலிவரிக்குக் காசு மணிக்கணக்கில் இல்லை, ஓடுகிற ஓட்டத்துக்குத்தான். வேகமாகப் போகிறவனுக்குத்தான் அடுத்த ஓர்டர். 2020 கடைசியில் இரண்டு மாதத்துக்குள் அவுஸ்திரேலியாவில் ஐந்து டெலிவரித் தொழிலாளர்கள் ரோட்டில் செத்தார்கள். அவர்களில் பலர் குடியேறி வந்தவர்கள். வேகத்துக்குக் காசு கொடுக்கும் செயலிகளை விட்டுவிட்டு, வேகத்துக்கு எஞ்சின் பூட்டியவனை மட்டும் பிடிப்பது முழு நியாயம் இல்லை. தடை சரி. ஆனால் சட்டத்துக்குள் நிற்கும் நல்ல மின் சைக்கிள் இரண்டாயிரம் டொலரைத் தாண்டும்போது, அதை வாங்க முடியாதவனுக்கு என்ன வழி என்று யாராவது கேட்க வேண்டாமா?

அரசு கேட்கும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை. கோயில் திருவிழாவுக்கும் பழைய மாணவர் சங்க இரவு விருந்துக்கும் காசு சேர்க்கத் தெரிந்த சமூகம் நாங்கள். புதிதாக வரும் மாணவர்களுக்கு ஒரு மின் சைக்கிளுக்கு வட்டியில்லாமல் கைமாற்றுக் கொடுத்து, மாதம் மாதம் வாங்கிக்கொள்ள முடியாதா? அதுவும் வேண்டாம், வந்து இறங்கும் கிழமையிலேயே "இது ஓடலாம், இது ஓடக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாதா? தம்பிக்கு அதை யாரும் சொல்லவில்லை. காசு கட்டிய பிறகுதான் கேட்கிறார்.

இங்கே பிறந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல். பதினான்கு வயது மகன் கேட்கிறான் என்று முறுக்கினால் ஓடும் கொழுத்த டயர் சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறீர்கள். அது 25க்கு மேல் மோட்டாரில் ஓடினால் பதியாத மோட்டார் சைக்கிள்தான். தம்பியுடையதில் புகை வருகிறது, உங்களுடையதில் வரவில்லை. சட்டத்தின் முன் பெரிய வித்தியாசம் இல்லை. கடைக்காரர் "லீகல்" என்றால் போதாது. சைக்கிளில் ஒட்டியிருக்கும் தரத்தையும் வாட்டையும் நீங்களே பாருங்கள்.

அடுத்த கிழமை தம்பி எஞ்சினைக் கழற்றினார். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். சொந்தக் காணி உள்ள யாராவது தங்கள் வளவுக்குள் ஓட்ட அனுமதித்தால் மட்டும் அதற்கு இனி வேலை. தம்பி அதைத் துணியில் சுற்றி என் ஷெட்டில் வைத்தார். "எறியாதேங்கோ அண்ணை" என்றார். எறிய மாட்டேன்.

மிதி சைக்கிள் இப்போதும் ஓடுகிறது. நேற்றுப் பின்னேரம் பரமட்டா பக்கம் போகும் ரயில் பாதையோரச் சைக்கிள் பாதையில் முதுகில் பையோடு மிதித்துக்கொண்டு போனார். மெதுவாகத்தான் போனார். நானும் காரை மெதுவாக்கிக் கை காட்டினேன்.