பட்டாளத்துச் சம்பளம்

"அரைக் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பட்டாள உத்தியோகமும் அரசாங்க உத்தியோகந்தான். ஆயினும் வீட்டுப் பிள்ளை, "நான் பட்டாளத்தில் சேரப் போகிறேன்" என்று சொன்னவுடன் அந்தப் பழமொழியைச் சொல்லிச் சந்தோஷப்படும் தகப்பனார் நம்மில் எத்தனை பேர்? குடியரசு தினத்தன்று அணிவகுப்பைப் பார்த்து மெய்சிலிர்க்கிறோம். அந்த அணியில் நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் நடக்க வேண்டுமென்றால் மட்டும் நெஞ்சு சற்றே பின்வாங்குகிறது.

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள வல்லம் வடகாலில் இந்தப் பின்வாங்கலுக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அங்கே வேலை வாசற்படியிலேயே காத்திருக்கிறது. ஏரியும் நெல் வயலுமாக இருந்த அந்தப் பக்கத்தில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது. ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2017-ஆம் ஆண்டில் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. மின்னணுச் சாதன ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கக்கூடிய பிரம்மாண்டமான விடுதி ஒன்று 2024 ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்டது. விமானத் தொழிலுக்கென்று தனியே ஒரு பூங்காவும் உண்டு. இத்தனையும் இருக்கும் ஊரில் ஒருவன் துப்பாக்கி தூக்கப் போகிறேன் என்றால், வீட்டில் கேள்வி பிறக்காமல் என்ன செய்யும்?

அந்தக் கேள்வி எப்படிப் பிறக்கும் என்பதை நேயர்கள் எளிதில் ஊகிக்கலாம். மாலை வேளை. திண்ணையில் தகப்பனார், உள்ளே தாயார், தூணில் சாய்ந்துகொண்டு பிள்ளை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவும் வந்திருக்கிறார்.

"கூப்பிடு தூரத்தில் இத்தனை ஆலை இருக்கும்போது காஷ்மீரத்துக்கு ஏன் ஓட வேண்டும்?" என்கிறார் தகப்பனார்.

"ஆலையில் காண்டிராக்டில்தானே எடுக்கிறார்கள், அப்பா? நாளைக்கே வராதே என்றால் என்ன செய்வது? பெரியப்பாவைப் பாருங்கள். மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடுகிறது."

"அது நான் சேர்ந்த காலத்துச் சட்டமடா, தம்பி. இப்போது உன்னை நாலு வருஷத்துக்குத்தான் எடுப்பார்கள்" என்கிறார் பெரியப்பா.

தாயார் அதுவரை பேசவில்லை. "சம்பளம் கிடக்கட்டும். பிள்ளை முழுசாகத் திரும்பி வருவானா? அதைச் சொல்லுங்கள்" என்கிறாள்.

நால்வர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஆலையின் பந்தோபஸ்து

பிள்ளையின் அச்சம் வீண் அச்சமன்று. வல்லம் வடகாலுக்கு அருகிலேயே ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா டெலிபோன் ஆலை 2006-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வாலிபர்களும் யுவதிகளும் அங்கே வேலை பார்த்தார்கள். வேலை நிலைத்துவிட்டதென்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கடன் வாங்கி வீடு கட்டினார்கள். 2014-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி ஆலை மூடப்பட்டது. பின்னர் அந்த வளாகம் வேறொரு கம்பெனியின் கைக்கு மாறி மீண்டும் இயங்கத் தொடங்கியது என்பது மெய்யே. ஆனால் இடையில் கழிந்த வருஷங்களை எந்தக் கம்பெனியும் திருப்பிக் கொடுக்க முடியாது. மறைமலை நகரில் போர்டு மோட்டார் கம்பெனியும் 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திற்று.

தேசத்தின் சேனை இப்படி மூடப்படுவதில்லை. லாபம் குறைந்தது என்று எல்லைப்புறத்தை யாரும் பூட்டிவிட்டுப் போவதில்லை. முதல் தேதி சம்பளம் வரும். உணவும் உடையும் இருப்பிடமும் சர்க்கார் பொறுப்பு. இந்த மட்டில் பட்டாள உத்தியோகத்துக்கு ஈடு சொல்வது கடினம்.

மூன்று விதச் சிப்பாய்கள்

ஆனால் "பட்டாளத்தில் சம்பளம் எப்படி?" என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. பட்டாளத்தில் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் மூன்று விடை.

முதலாவது, அதிகாரி. 7-வது சம்பளக் கமிஷன் வகுத்து 2016 ஜனவரி முதல் அமலான திட்டப்படி, ஒரு லெப்டினண்டின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். அதன்மேல் ராணுவ சேவைச் சம்பளமாக 15,500 ரூபாயும் பஞ்சப்படியும் உண்டு. மேஜரானால் அடிப்படைச் சம்பளம் 69,400 ரூபாயில் தொடங்கும். லெப்டினண்ட் கர்னலானால் 1,21,200. பயிற்சியின் முடிவுக் கட்டத்தில்கூட மாதம் 56,100 ரூபாய் உதவித் தொகை கிடைக்கிறது. இதற்கான பயிற்சிக் கழகங்களுள் ஒன்று வடக்கே எங்கேயோ இல்லை. வல்லம் வடகாலிலிருந்து சென்னை செல்லும் வழியில் பரங்கிமலையிலேயே, 1963 முதல் இயங்கி வருகிறது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பரங்கிமலையில் பயிற்சி முடிப்போருக்கு முதலில் கிடைப்பது குறுகிய காலச் சேவை: 10 ஆண்டு, விரும்பினால் மேலும் 4 ஆண்டு. நிரந்தரக் கமிஷன் பெற்று 20 ஆண்டு சேவை முடித்தால்தான் அதிகாரிக்குப் பென்ஷன். ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கும் அந்த நிரந்தரக் கமிஷன் உரிமை உண்டென்று சுப்ரீம் கோர்ட் 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பி.ஏ., பி.ஈ. படித்த பெண்ணுக்கு வரன் தேடும் பெற்றோர், பரங்கிமலையையும் சற்று நினைத்துப் பார்ப்பது தவறாகாது.

இரண்டாவது, பெரியப்பாவைப் போன்ற பழைய முறைச் சிப்பாய். இன்றைய அளவில் அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய்; ராணுவ சேவைச் சம்பளம் 5,200; அதற்கு மேல் பஞ்சப்படி. சியாசென் பனிமலையில் நிற்பவனுக்கு மாதம் 30,000 ரூபாய் தனிப்படி. அந்தப் பனியில் ஒரு நாள் நின்று பார்த்தவர் எவரும் அதை அதிகமென்று சொல்லமாட்டார். 15 ஆண்டு சேவை முடித்தால் ஆயுள் உள்ளவரை பென்ஷன். கடைசிச் சம்பளத்தில் பாதி. 2004 ஜனவரிக்குப் பின் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் சேர்ந்த மற்றவர்களுக்குப் பழைய பென்ஷன் முறை நின்றுபோன பிறகும், முப்படையினருக்கு அது நிற்கவில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு. குமாஸ்தா 60 வயதில் ஓய்வு பெறுகிறார். சிப்பாயோ 40 வயதுக்கு முன்பின்னாகவே வீடு திரும்புகிறான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். பெண்ணின் கல்யாணம் தலைக்கு மேல் நிற்கும். ஆலை வாசல்களில் விறைப்பாக நின்று சலாம் வைக்கும் காவலாளிகளில் பழைய பட்டாளத்துக்காரர்கள் பலர் இருப்பதன் காரணம் இதுதான். சீக்கிரம் ஓய்வு பெற்றவருக்கும் பின்னால் ஓய்வு பெற்றவருக்கும் பென்ஷனில் இருந்த வித்தியாசத்தைப் போக்க, "ஒரே பதவி, ஒரே பென்ஷன்" என்று முன்னாள் வீரர்கள் நெடுநாள் போராடினார்கள். 2015-இல் டில்லி ஜந்தர் மந்தரில் முதியவர்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் உத்தரவு பிறந்தது.

அக்னிவீரர் கணக்கு

மூன்றாவதுதான் தூணில் சாய்ந்திருக்கும் பிள்ளைக்கு உரியது. 2022 ஜூன் 14-ஆம் தேதி அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சாதாரணச் சிப்பாய் வேலைக்கு அதுவே இன்று வாசல். இதை எதிர்த்து வட மாகாணங்களில் ரெயில்கள் எரிந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

திட்டம் இதுதான். சேவைக் காலம் நான்கு ஆண்டு. மாதச் சம்பளம் முதல் ஆண்டில் 30,000 ரூபாய், பிறகு 33,000, 36,500, நான்காம் ஆண்டில் 40,000. ஒவ்வொரு மாதமும் நூற்றுக்கு 30 வீதம் பிடித்துச் சேவா நிதியில் போடுகிறார்கள். ஆகவே முதல் ஆண்டில் கைக்கு வருவது 21,000. பிடித்த தொகைக்குச் சமமான தொகையைச் சர்க்காரும் போடுகிறது. நான்காண்டு முடிவில் இருவர் பங்கும் வட்டியுமாக ஏறக்குறைய 11 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய், வருமான வரி இல்லாமல் கையில் கிடைக்கும்.

கூட்டிப் பார்த்தால் ஒரு விசேஷம் புலப்படும். நான்கு ஆண்டும் மாதந்தோறும் கையில் வாங்கும் சம்பளத்தின் மொத்தமும் ஏறக்குறைய அதே 11 லட்சத்து 71 ஆயிரந்தான். பாதியைச் செலவுக்குக் கொடுத்து, பாதியைச் சேமித்துக் கொடுத்தது போல ஆகிறது. 22, 23 வயதில் இவ்வளவு ரொக்கத்தோடு வீடு திரும்பும் வாலிபர்கள் நம் ஊர்களில் மிகச் சிலரே.

ஆனால் இதைப் பென்ஷனோடு ஒப்பிடலாகாது. நூற்றுக்கு 7 வட்டி கிடைக்கிறதென்று வைத்துக்கொண்டு முழுத் தொகையையும் போட்டு வைத்தாலும், மாதம் 6,800 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் சேர்ந்து ஏறுவது பென்ஷன். இந்த வட்டியோ ஏறாது. பென்ஷன், கிராஜுவிட்டி, முன்னாள் வீரர்களுக்குரிய வைத்திய வசதி, காண்டீன் எதுவும் அக்னிவீரருக்கு இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரை மட்டுமே தேர்ந்தெடுக்கப்பட்டு, மேலும் குறைந்தது 15 ஆண்டு நிரந்தரச் சேவையில் தொடர்வார்கள். அவர்களுக்குப் பெரியப்பாவின் பாதை திறக்கும். மற்ற 75 பேரும் வேறு ஜீவனம் தேட வேண்டியவர்கள். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் அவர்களுக்கு இட ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒதுக்கீடு வேறு, உத்தரவு கையில் வருவது வேறு.

ஆகவே தகப்பனார் தம் பிள்ளையைக் கேட்க வேண்டிய கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதன்று. "ஐந்தாம் வருஷம் என்ன செய்வாய்?" என்பதே. பத்தாம் வகுப்போடு போகிறவன் சேவையிலேயே பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ் பெற வழி இருக்கிறது, அதை விடக்கூடாது. வாகனம், வானொலி, இயந்திரம் என்று ஏதேனும் ஒரு தொழிலைக் கைக்கொண்டு திரும்பினால், வல்லம் வடகாலைப் போன்ற ஊர் அவனுக்கு அதிர்ஷ்டமே. எல்லைப்புறத்துக்குச் சென்ற புல்லட் மோட்டார் சைக்கிளின் ஆலையே அவன் ஊரில் இருக்கிறதல்லவா? சேவா நிதியைத் தங்கை கல்யாணத்தில் ஒரே நாளில் பந்தி போட்டு முடித்துவிடாமல் இருக்கவேண்டியது குடும்பத்தாரின் கடமை.

தாயாரின் கேள்வி

தாயாரின் கேள்விக்குச் சர்க்காரும் ரூபாயில்தான் பதில் சொல்ல முடியும். பழைய முறைச் சிப்பாய் போரில் மாண்டால், அவன் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்குச் சமமான தொகை குடும்பத்துக்கு மாதந்தோறும் பென்ஷனாக வரும். அக்னிவீரர் கடமையின் காரணமாக உயிர் நீத்தால், இன்ஷியூரன்ஸ் 48 லட்சம், கருணைத் தொகை 44 லட்சம், மீதிக் காலத்துச் சம்பளம், சேவா நிதி இவை கிடைக்கும். மாதாந்தரப் பென்ஷன் இல்லை. தொகை பெரிதுதான். ஆனால் வயதான தாய்க்கும் கணக்கறியா இளம் விதவைக்கும், ஒரே நாளில் வந்து சேரும் லட்சங்களைவிட மாதம் தவறாமல் வரும் ஆயிரங்களே பாதுகாப்பு. லட்சங்களுக்கு உறவினர் பலர் முளைப்பார்கள். இந்த வித்தியாசத்தைச் சர்க்கார் களைய வேண்டும். ஒரே பாறையின் மறைவில் ஒரே குண்டுக்கு இலக்காகிறவர்களை இரண்டு விதமாக நடத்துவது சுதந்திர தேசத்துக்கு அழகன்று.

சிப்பாயின் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது தேசபக்திக்குக் குறைவு என்று சிலர் எண்ணக்கூடும். 1914-ஆம் வருஷத்து மகா யுத்தத்தில் இந்தியச் சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் கொடுத்து, அந்நிய தேசத்துச் சேற்றுக் குழிகளில் நிறுத்தினார்கள். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கப்பற்படை வீரர்கள் கொதித்தெழுந்ததற்கு மோசமான உணவும், வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே காட்டப்பட்ட பேதமும் காரணங்களாக இருந்தன. சோற்றில் தொடங்கிய அந்தக் கிளர்ச்சி சாம்ராஜ்யத்தையே உலுக்கிற்று. மலேயாத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களோ, சம்பளத்தை எண்ணாமலே நேதாஜியின் சேனையில் சேர்ந்தார்கள். அத்தகைய தியாகத்தை ஜனங்கள் தாமே மனமுவந்து செய்யலாம். சுயராஜ்ய சர்க்கார் அதைக் கூலியில் கழித்துக்கொள்ளக் கூடாது.

முடிவாக நம் அபிப்பிராயம் இது. நிரந்தர அதிகாரிக்குப் பட்டாளம் நல்ல சம்பளமும் நல்ல பந்தோபஸ்தும் தரும். நிரந்தரச் சிப்பாய்க்குச் சம்பளம் நடுத்தரம். பந்தோபஸ்து ஆயுளுக்கும் உண்டு. அக்னிவீரருக்கு நான்கு வருஷச் சம்பளமும் ஒரு முதலும் கிடைக்கும். ஆயுள் பந்தோபஸ்தை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். இது தெரிந்து, இதற்குச் சித்தமாகி ஒரு பிள்ளை புறப்பட்டால், அவனைத் தடுக்க வேண்டாம். தெரியாமல் புறப்பட்டால், திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, பெரியப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காகிதமும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். தாயாரையும் உள்ளேயிருந்து கூப்பிட்டு அருகில் உட்கார வையுங்கள்.